அப்பாவின் நோய்க்கு முகம் இல்லை

"உன் எலிங்களை நான் காப்பாத்தறேன்" என்று போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அறிவித்துவிட்டுக் கை கழுவப் போனாரே முதலாளி, அவர் இன்று வாக்கைக் காப்பாற்ற வந்துகொண்டிருந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர். காரின் பின்சீட்டில் சுருட்டி வைத்த ஒரு பேனர்.

காலையிலிருந்து மழை விடவில்லை.

ஆராய்ச்சி நிலையத்தின் மாடி ஜன்னலில் நின்று அவள் கீழே பார்த்தாள். கார் வந்து நின்றது. ஓட்டுநர் குடையோடு ஓடினார். முதலாளி இறங்கினார். குடையை வாங்கிக்கொள்ளவில்லை. ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பிடித்துக்கொள்ள எப்போதும் ஓர் ஆள் வேண்டும் இவருக்கு, என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளி அவளுடைய அண்ணன். குளியலறைக் குழாயும் தொட்டியும் விற்கும் பெரிய கடைக்குச் சொந்தக்காரர். தம்பி அரசின் நிதி அலுவலகத்தில், எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று பங்கு போடும் பிரிவில் இருக்கிறான். அதனால் வீட்டில் அவன் பெயர் சர்க்கார். நடுவில் பிறந்த இவள் எலி டாக்டர். உறவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் இவளுக்குத்தான் ஃபோன் வரும். "நான் அந்த டாக்டர் இல்லை" என்பாள். "அப்ப எதுக்கு அவ்வளவு படிச்ச?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

அவள் படித்தது ஒரே ஒரு நோயை. முதலில் கால்கள் அகலும். பிறகு நடை தள்ளாடும். பிறகு கை, பேச்சு, விழுங்குவது என்று ஒவ்வொன்றாகப் போகும். புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பா அப்படித்தான் போனார். தெருவில் அவரைக் குடிகாரர் என்றார்கள். ஒரு சொட்டுத் தொட்டதில்லை அந்த மனிதர்.

பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள நோய் அது. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று பேரில் ஒருவரும் கொடுக்கவில்லை. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வீட்டுக்குள் ஒரு மௌனம் வந்து சம்மணம் போட்டு உட்காரும். யாராவது எழுந்து போய் டி.வி.யைப் போடும் வரை நகராது.

அந்த நோயோடு பிறக்கும் எலிகளை அவள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தாள். ஒரு மருந்தை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தாள். கொடுத்த எலிகளில் சில, கொடுக்காதவற்றைவிட நேராக நடந்தன. சில மட்டும்தான். ஆனாலும் நேராக.

அரசு உதவி இந்த மாதத்தோடு நிற்கிறது. அடுத்த உதவி வராவிட்டால் எலி அறையைக் காலி செய்ய வேண்டும். காலி செய்வது என்பது அலுவலகக் காகிதத்தில் எழுதும் சொல். அறைக்குள் அதற்கு அர்த்தம் கொல்வது.

"அக்கா."

திரும்பினாள். சர்க்கார் நின்றிருந்தான். சட்டையில் மழைத்துளி, முகத்தில் அலுவலகம்.

"மறுபரிசீலனை கேட்டிருந்தியே..."

"சொல்லு."

"இல்லைன்னு ஆயிடுச்சு."

"ஏன்?"

"நோயாளிங்க எண்ணிக்கை பத்தலையாம்."

"இன்னும் கொஞ்சம் பேருக்கு வரட்டும்னு காத்திருக்கீங்களா?"

"அப்படி இல்லக்கா. எல்லாரோட பணம். நிறைய பேருக்கு எது உபயோகமோ அதுக்குத்தான் முதல்ல. நாளைக்குக் கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ல?"

"நீ அந்தக் கூட்டத்துல இருந்தியா?"

"சொந்தக்காரங்க விண்ணப்பம் வந்தா வெளியில போயிடணும். விதி."

"வெளியில போய் என்ன பண்ணின?"

"காபி குடிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. "நம்ம அப்பாவுக்கு இருந்ததுன்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, எனக்கும் இருக்குமோன்னு பாப்பாங்கக்கா. அடுத்த பதவி உயர்வு வருது."

இவனுடைய குற்ற உணர்ச்சிகூட அலுவலக நேரத்துக்குள்தான் வரும், என்று அவள் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிய வேலை. எலிகளோடு இருப்பவர்களுக்கு அது தானாக வந்துவிடும்.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கம்பிக் கைப்பிடியை மோதிரம் உரசும் சத்தமும்.

"லிஃப்ட்டைக்கூட ஓட்ட முடியலையா இவங்களுக்கு?" என்று கேட்டபடி முதலாளி வந்தார். அவருக்கு முன்னால் நிலையத்தின் இயக்குநர், கல்யாண மாப்பிள்ளையை அழைத்து வருகிறவர்போலப் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

"பாத்து சார், பாத்து. வாசல்ல தண்ணி நிக்குது."

ஆய்வுக்கூடத்து வாசலில், கூரை ஒழுகி ஒரு சின்னக் குட்டை. வாளி வைத்தும் நிற்கவில்லை. உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் அதில் கால் வைக்காமல் தப்ப முடியாது. அந்தப் பக்கம் நீளமான, குறுகலான நடைபாதை. சிமெண்ட் தரை.

முதலாளி தண்ணீரை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். கால்களை நன்றாக அகட்டி வைத்து நின்றார். நின்ற இடமெல்லாம் தன் பெயரில் பதிவாகிவிட்டது என்று காட்டும் நிற்பு. ஒரு கை பக்கத்து மேஜையின் மேல். விலை பேசி முடித்த சாமானைத் தொடுகிற மாதிரி.

"என்னடி எலி டாக்டர், சந்தோஷமா?"

"உக்காருண்ணா."

"நிக்கறேன், நிக்கறேன். ஃபோட்டோ எடுக்கணும்."

அதற்குள் புகைப்படக்காரர் பேனரை விரித்துவிட்டார். கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் ஒரு குழந்தை. எந்த நாட்டுக் குழந்தையோ, எந்த சோப்பு விளம்பரத்திலிருந்து எடுத்ததோ. அதன் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'குழந்தைகள் அறிவு வளர்ச்சி ஆராய்ச்சிக்கூடம்.' கீழே கடையின் பெயர். கடையின் பெயருக்குப் பக்கத்தில், பழக்கதோஷமாக, ஒரு குழாய்.

அவள் பேனரை இரண்டு முறை படித்தாள்.

"இங்க குழந்தை எங்க இருக்கு?"

"மேடம்," என்று இயக்குநர் இடையில் வந்தார். "பேர்ல என்ன இருக்கு? வேலை உள்ள நடக்கப் போகுது."

"நீ எலியைக் காட்டு முதல்ல," என்றார் முதலாளி.

காட்டினாள். நீளமான வெள்ளைத் தாளை மேஜையில் விரித்து, இரண்டு பக்கமும் அட்டைச் சுவர் வைத்தாள். அந்தக் கோடியில் ஓர் இருட்டுப் பெட்டி. ஓர் எலியை எடுத்து அதன் பின்னங்கால்களை நீல மையில் தொட்டு இந்தக் கோடியில் விட்டாள். எலி இருட்டைத் தேடி ஓடியது. தாளில் சின்னச் சின்னதாக நீலத் தடங்கள், தைத்த மாதிரி ஒரே நேராக.

"இது நோய் இல்லாதது."

அடுத்த எலியை விட்டாள். அது போனது. தடங்கள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அகன்று விழுந்தன. எட்டு வைத்த இடைவெளி ஒரே அளவாக இல்லை. இடது காலுக்குப் பின்னால் மை இழுபட்டு வால்போல நீண்டிருந்தது.

"இது நோய் உள்ளது. எலியைப் பாத்தா ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் தின்னும், நல்லாத்தான் விளையாடும். தடத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

புகைப்படக்காரர் குனிந்து பார்த்தார். "பாவம்ங்க," என்றார். அந்த அறையில் அன்று அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

முதலாளி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நல்லா நடக்கற எலியா ஒண்ணு எடுத்துக் குடு. கையில வெச்சு ஒரு ஃபோட்டோ."

"நல்லா நடக்கற எலிக்கு உன் காசு வேண்டாம்ணா."

"இவளுக்கு வாய் மட்டும் குறையவே குறையாது."

இயக்குநர் அவசரமாகக் காபி வரவழைத்தார். முதலாளி கோப்பையைச் சாஸரோடு வாங்கினார். அது கடகடவென்று ஆடியது. காபி சிந்தி, விரித்திருந்த தாளின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை பரவியது. அவர் கோப்பையை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

சிந்தினால் துடைக்க ஆள் இருக்கும் என்று பழகிய கை. அவள் துடைத்தாள்.

"இப்ப விஷயத்துக்கு வருவோம்," என்றார் முதலாளி. "எலிங்க இருக்கலாம். நீ இருக்கலாம். மருந்தும் குடு. எவ்வளவு நாள் வேணும்னாலும் குடு. செலவு என்னோடது. ஆனா இந்த நோயோட பேர் வெளியில எங்கயும் வரக் கூடாது. போர்டுல, பத்திரிகையில, நீங்க எழுதற கட்டுரையில, எங்கயும்."

"கட்டுரையிலயுமா?"

"எங்கயும்."

"மருந்து வேலை செஞ்சா? அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதா?"

"நமக்குத் தெரிஞ்சா போதாதா?"

நமக்கு என்றார். அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

சர்க்கார் அதுவரை பீரோ ஓரமாக நின்றிருந்தான். இப்போது சிரித்தான். அலுவலகத்தில் மேலதிகாரி இல்லாதபோது சிரிக்கும் சிரிப்பு.

"இதுக்குத்தான்ணா இந்த மாதிரி வேலையை வரிப்பணத்துல நடத்தணும்கறது. குடுக்கறவன் மனசுக்கு ஏத்த மாதிரி நோயோட பேரை மாத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

"வாங்க சர்க்கார். நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

அவன் சட்டையிலிருந்த மழைத்துளியைத் தட்டினான்.

"சொல்லுடா. பூஜ்யமா? அவ விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேஞ்சு போயிருக்கா. நான் ஒரு வேளை சாப்பாட்டுல முடிவு பண்ணினேன்."

"அதான் பிரச்சினையே. நாளைக்கு வேற ஒரு சாப்பாட்டுல வேற முடிவு பண்ணுவ. அதுவும் போக, இந்த தானத்தைக் காட்டி வரியில கழிச்சுப்ப. அப்ப இதுல ஒரு பங்கு எங்க பணம். பேர் மட்டும் உன்னோடது."

"உங்க பணமா? நீ என்னைக்காவது ஒரு குழாய் வித்திருக்கியா?"

"நீ விக்கற குழாயில தண்ணி வருதே, அதை யார் போட்டா?"

"அதான் தினம் சொட்டுச் சொட்டா வருதே. மேல பாரு. உங்க வரிப்பணம் இங்கயும் சொட்டுது."

வாளியில் டக்கென்று ஒரு துளி விழுந்தது, ஆமாம் சொல்வதுபோல. இயக்குநர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தார். அவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள் அவள். "எலிங்க பயப்படுது."

கூண்டுக்குள் சுரண்டும் சத்தம் மட்டும் இருந்தது.

ஒருவருக்கு இந்த நோய் போதுமான அளவு அழகாக இல்லை. இன்னொருவரின் அலுவலகத்துக்கு இது போதுமான அளவு பெரிசாக இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே அப்பாவின் இரண்டு அக்குளிலும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனவர்கள். இன்றைக்கு அவர் செத்த காரணத்தைச் சொல்ல இருவருக்கும் நாக்கு எழவில்லை. இவர்களுக்கு எலிகளே மேல், என்று நினைத்தாள். எலிகளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"ஏண்ணா பேர் வரக் கூடாது?" என்று கேட்டாள். "நீயே சொல்லு, நான் கேக்கறேன்."

முதலாளி புகைப்படக்காரரைப் பார்த்தார். "நீங்க கீழ கார்ல இருங்க தம்பி."

புகைப்படக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசல் தண்ணீரை மிதித்து, நடைபாதையில் சுவரோரமாகப் போனார்.

"பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார் முதலாளி தணிந்த குரலில். "ரத்தத்துல வர்றது, வம்சத்துல ஓடறதுன்னு வெளியில வந்தா எவன் வருவான்? அப்பா குடிச்சுத் தள்ளாடினாருன்னு நினைக்கறவங்க நினைச்சுட்டுப் போகட்டும். குடி அவரோட போச்சு."

"அப்பா குடிக்கலை."

"தெரியும்."

"தெரிஞ்சே சொல்றியா?"

"செத்தவருக்கு மானம் போனா என்னடி இப்ப?"

அவள் பேனரிடம் போனாள். நிதானமாக, ஓரம் பிசகாமல் சுருட்டினாள். சிரிக்கும் குழந்தை கன்னம், மூக்கு, நெற்றி என்று உள்ளே போயிற்று. கடைசியாகக் குழாயும் போயிற்று. சுருளை அவர் கையில் வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குக் குழாய் வாங்கிக் குடுண்ணா. உன் பேரைப் பெரிசா போட்டுக்கோ. திறக்கறவங்க எல்லாரும் உன்னை நினைப்பாங்க. என் அப்பாவைக் குடிகாரனாவே வெச்சுக்கிட்டு என் எலியைக் காப்பாத்த வேண்டாம்."

"மேடம்!" என்று இயக்குநர் பதறினார்.

"எலிங்க செத்துப் போகும்," என்றார் முதலாளி.

"போகட்டும். பொய் சொல்லாம சாகும்."

சொன்ன பிறகு அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் செலவழித்துவிட்ட நிறைவு.

முதலாளி சுருளை ஊன்றுகோல்போலத் தரையில் ஊன்றி ஒரு நொடி நின்றார். பிறகு திரும்பி, வாசல் தண்ணீரில் கால் வைத்து, வெளியே போனார். இயக்குநர் தாங்க வந்த கையைத் தட்டிவிட்டார். இயக்குநர் உள்ளேயே நின்று, யாருக்கு ஃபோன் செய்வது என்று தெரியாமல் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் வாசலுக்கு வந்தாள். அவர் தோற்றுப் போவதை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாள்.

நடைபாதையில் அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவளுடைய கண் தடம் பார்த்தே பழகிய கண். அது முதுகைப் பார்க்காமல் தரைக்கு இறங்கியது.

காய்ந்த சிமெண்டில் ஈரத் தடங்கள்.

சுவரோரமாகப் புகைப்படக்காரரின் தடங்கள் மங்கத் தொடங்கியிருந்தன. தைத்த மாதிரி நேராக.

நடுவில் அண்ணனுடையவை. இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. அகன்று, அகன்று. எட்டு வைத்த இடைவெளி ஒரே அளவாக இல்லை. இடது செருப்புக்குப் பின்னால் ஈரம் இழுபட்டு வால்போல நீண்டிருந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுநரின் தோள். படிக்கட்டுக் கம்பி. மேஜை மேல் வைத்த கை. அகட்டி நின்ற கால்கள். ஆடிய கோப்பை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்த ஒவ்வொன்றுக்கும் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறாள். விரல் நீள எலிக்குத் தடம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவளுக்கு, கூடப் பிறந்தவனின் நடை கண்ணில் படவில்லை.

"அண்ணா!"

அவர் நின்றார். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் சேர்த்து, மெல்லத் திரும்பினார்.

"என்ன? பணம் வேணும்னு இப்பத் தோணுதா?"

அவள் கண் தரையைவிட்டு எழவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் பார்வை போகும் இடத்தைப் பார்த்தார். தன் தடங்களைப் பார்த்தார். மழைச் சத்தம் நடைபாதை முழுவதும் நிறைந்திருந்தது.

"மழைடி," என்றார். "தரை வழுக்குது. அவ்வளவுதான்."

அவள் ஒன்றும் கேட்கவே இல்லை.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் எங்கிருந்து வந்தது அந்தத் திடீர் தர்மம் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. நமக்குத் தெரிஞ்சா போதாதா என்று அவர் கேட்டதும் இப்போதுதான் மனதில் வந்து விழுந்தது.

முதலாளி திரும்பிக்கொண்டார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து படிக்கட்டில் மறைந்தார். மோதிரம் கம்பியில் உரசும் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது.

"இந்த மழையில இவரு தனியா..." என்று சர்க்கார் பின்னாலிருந்து முணுமுணுத்தான். "நான் போய்க் கூட்டிட்டுப் போறேன். எவ்வளவு சண்டை போட்டாலும் அண்ணன் இல்லையா?"

அவன் அவளைத் தாண்டி வாசல் தண்ணீருக்கு மேல் காலைத் தூக்கினான்.

அவள் கை குறுக்கே நீண்டு அவன் மார்பில் பட்டு நின்றது.

"நடக்காதே."

"என்னக்கா?"

"அதுல கால் வைக்காதே. அப்படியே நில்லு."

தூக்கிய காலோடு அவன் நின்றான். வாளியில் ஒரு துளி விழுந்தது. அவன் லேசாக ஆடினான்; விழாமலிருக்க அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஒற்றைக் காலில் நின்றால் யாரும் ஆடத்தான் ஆடுவார்கள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.